இரண்டு தாள் கனம்

எஸ்கில் டாம்கோரின் வாய்க்குப் பயந்து, நாற்காலிக் கால் உடைந்தால்கூடக் கயிறு போட்டுக் கட்டி உட்கார்ந்துகொள்கிறவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். பழுது பார்க்கக் கொண்டுபோனால் அவன் நாற்காலியைப் பார்க்க மாட்டான். கொண்டுவந்த ஆளைத்தான் மேலும் கீழும் பார்ப்பான். "இதுல உட்கார்ந்தது நீயா, உன் மாடா?" என்பான். பிறகு வாங்கி மூலையில் வைப்பான். திரும்பி வரும்போது நாற்காலி புதிதாக வாங்கிய நாளைவிட உறுதியாக இருக்கும். நன்றி சொன்னால் அதற்கும் ஒரு வசை தயாராக இருக்கும்.

அவன் யாரிடமும் தொழில் கற்கவில்லை. அப்பா பண்ணைக் கூலி. பையன் பதினைந்து வயதில் ஒரு பண்ணை ஏலத்தில் யாரும் சீந்தாத பழைய அலமாரி ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மாட்டுக் கொட்டகையில் வைத்து இணைப்பு இணைப்பாகக் கழற்றினான். திரும்பப் பூட்டினான், நிற்கவில்லை. மறுபடி கழற்றினான். எந்த வெட்டு எதைத் தாங்குகிறது, எந்த நாக்கு எந்தத் துளைக்கு ஏங்குகிறது என்று விரலால் தடவித் தடவிப் படித்தான். "செத்துப்போன தச்சனுங்கதான் எனக்கு வாத்தியார். உயிரோட இருக்கிறவன் எவனுக்கும் அந்தத் தகுதி இல்ல" என்று பிற்காலத்தில் சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் தச்சர்களாகவே இருப்பார்கள் என்பதுதான் சங்கடம்.

இப்படிப்பட்டவனைப் பட்டறைகள் எத்தனை நாள் தாங்கும்? முதலில் சேர்ந்தது சவப்பெட்டி செய்யும் இடம். முதலாளி ஆசையாகச் செய்த, பல் பல்லாகக் கோக்கிற புறாவால் இணைப்பை, துக்க வீட்டார் முன்னாலேயே, "பல்லு போன கிழவி சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றான். அன்று மாலையே சீட்டுக் கிழிந்தது. அடுத்த பட்டறையில் பக்கத்து மேசைக்காரனின் இழுப்பறை ஒன்று சிக்கிச் சிக்கி வந்தது. எஸ்கில் எழுந்துபோய் ரம்பத்தால் அதை இரண்டாக அறுத்துப் போட்டு, "இனிமே சிக்காது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு லிம் கடற்கழியின் இந்தக் கரையில் அவனுக்கு மேசை போட இடம் தர ஒரே ஒருவர்தான் மிச்சம் இருந்தார்: கால்நடை மருத்துவர் ரோசேகர். மூடிப்போன கூட்டுறவுப் பால்பண்ணைக் கட்டடத்தை வாங்கிப் போட்டிருந்தவர். உதைக்கிற மாடுகளோடு பழகியவர் என்பதால் எஸ்கிலை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

பால்பண்ணைக் கூடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வெளிச்சத்தில் காலையும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான், நிழல் நகராது. கத்தியால் கீறிய கோட்டை வைத்து வேலை செய்கிறவனுக்கு அப்படி ஒரு ஜன்னல் அமைவது வரம். எஸ்கில் தன் மேசையை அதற்குக் கீழே போட்டான். அந்த வருடத்தில்தான் அவனுக்கு முதன்முதலாக வேலைக்குப் போவது பிடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கூடத்தின் மறுபக்கம் குட்ருன் ஹோயரின் மேசை. படகு கட்டுகிறவரின் மகள். கைகள் படகில் பழகியவை; அலமாரிப் பக்கம் வந்தது பிறகுதான். வாயைப் பொறுத்தவரை எஸ்கிலுக்கு ஒரு மாற்றும் குறைந்தவள் இல்லை. இருவரும் ஆரம்பத்தில் உறுமிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கெடுத்தது ஊர் மண்டபத்தில் நடந்த இலையுதிர் காலக் கண்காட்சி. குட்ருன் செர்ரி மரத்தில் ஒரு தையல் பெட்டி வைத்திருந்தாள், உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து. எஸ்கில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு தடுப்புப் பலகையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினான். டொக் டொக் என்றது.

"குட்ருன், இதுக்குள்ள எலி குடும்பம் நடத்தலாம் போலிருக்கே. வந்து போக வாசல்கூட வச்சிருக்க."

ஊரே சிரித்தது. குட்ருன் முகம் சிவக்காமல் சொன்னாள்: "எலிக்காவது குடும்பம் நடத்தத் தெரியும். உனக்கு?"

எஸ்கிலின் மனைவி போடில் அந்த மாதம் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டில் இருந்தாள். எல்லோருக்கும் தெரியும். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஆறு வருடம் ஒரு கூரையின் கீழ் வேலை செய்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பொதுவில் இருந்த அறுப்பு இயந்திரத்தை யார் எப்போது எடுப்பது என்பதைக்கூடச் சிலேட்டில் எழுதிவைத்தார்கள். சொல்லவேண்டிய மற்றதையெல்லாம் மருத்துவரிடம் போய்ச் சொன்னார்கள். அவள் தூசியைக் கூட்டவில்லை என்று அவன். அவன் என் பசைச் சட்டியைக் கொதிக்க விட்டுவிட்டான் என்று அவள். ரோசேகர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு இது இன்னும் அதிகமாயிற்று. ஆகஸ்டில் ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றார்கள்.

"நாப்பது வருஷமா மாட்டுக்கிட்ட உதை வாங்கியிருக்கேன்" என்றார் அவர். "உங்ககிட்ட வாங்கின மாதிரி எங்கயும் வாங்கல."

"டாக்டர், இவதான்…"

"டாக்டர், இவன்தான்…"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எனக்கு ஒரு பெட்டி வேணும். சுவர்ல மாட்டுற மாதிரி, கதவு வச்சு. மீனை ஏமாத்தத் தூண்டில்ல கட்டுற இறகு, மான் முடி, பட்டு நூல் எல்லாம் மேசை மேல கலந்து கிடக்கு, என் பொண்டாட்டி பெருக்கித் தள்ளிடறா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அறை வேணும். வெளிக்கூடு எஸ்கில் செய்யணும். உள்ள தடுப்பு மொத்தமும் குட்ருன் செய்யணும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். கேலி செய்கிறாரோ என்று தோன்றியது. அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"நவம்பர்ல மார்ட்டின் பண்டிகை விருந்துக்கு வாத்து வெட்டுற அன்னிக்குப் பெட்டி என் அறையில இருக்கணும், கதவு சுத்தமா மூடணும். மூடலேன்னா, யாரால மூடலையோ அந்த ஆள் மேசையத் தூக்கிட்டுக் கிளம்பணும். ரெண்டு பேராலயும்னா ரெண்டு பேரும் கிளம்பணும். டிராக்டர் விக்கிறவன் ஒருத்தன் கூடத்தை வாடகைக்குக் கேட்டுட்டே இருக்கான். டிராக்டர் என் வாசல்ல வந்து நின்னு புகார் சொல்லாது."

வீட்டுக்குப் போய் எஸ்கில் இதைப் போடிலிடம் சொன்னான். அவள் மீன் புகைபோடும் இடத்தில் வேலை செய்தாள். கையில் எப்போதும் விலாங்கு மீன் வாசனை. ரொட்டியில் அரைத்த ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சரி, அவளோட சேர்ந்து செஞ்சுட்டுப் போயேன்."

"அவ வெட்டினதுல காத்து போகும்."

"போகட்டும். இந்த இடமும் போச்சுன்னா அப்புறம் எங்க போவ? இந்த அடுப்படியிலயா மேசை போடுவ? சொல்லிடறேன், நான் மறுபடியும் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். இந்தத் தடவை திரும்பி வரமாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெட்டியின் அமைப்பு எளிமையானது. ஓக் பலகையில் நாலு பக்கக் கூடு, முன்னால் கதவு. உள்ளே குறுக்கே மூன்று தட்டுகள், நெடுக்கே நாலு தடுப்புகள். தட்டும் தடுப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் பாதிப் பாதி வெட்டி, ஒன்றை ஒன்று கவ்வ விட்டால், முழுசாக ஒரு சட்டம் கிடைக்கும். அந்தச் சட்டத்தைப் பெட்டியின் பின்புறமாக உள்ளே தள்ள வேண்டும். பலகைகளின் நுனிகள் ஓடி அமர, கூட்டின் உட்புறம் நாலு பக்கமும் காடிகள், நீளநீளமான ஒடுங்கிய பள்ளங்கள். ஒவ்வொரு காடியும் முன்விளிம்புக்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கதவைத் திறப்பவன் கண்ணுக்குப் பலகை மரத்திலிருந்து முளைத்த மாதிரி இருக்கவேண்டுமே தவிர, வெட்டித் திணித்த மாதிரி இருக்கக்கூடாது. காடிகள் எல்லாம் எஸ்கில் வேலை. அதில் போய் உட்காருவது எல்லாம் குட்ருன் வேலை.

இந்த மாதிரி வேலையில் தச்சர்கள் எண்ணை நம்ப மாட்டார்கள். காடியின் அகலத்தை யாரும் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. உள்ளே வரப்போகிற பலகையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால் போதும். துண்டை மரத்தின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, கீறலுக்குள் அறுத்து எடுப்பார்கள். துண்டு எவ்வளவு கனமோ காடி அவ்வளவு அகலம். துண்டைக் கொடுப்பது வாக்குக் கொடுப்பது மாதிரி. குட்ருன் ஒரு காலையில் பேரிக்காய் மரத் துண்டு ஒன்றை எஸ்கிலின் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

எஸ்கில் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். குறை சொல்ல எதுவும் இல்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

படகுக்காரர்களைப் பற்றி அவனுக்கு ஒன்று தெரியும். கடைசி நாள்வரை தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். இன்று துண்டு ஒரு கனம். நாளை பலகையைத் தேய்த்து மெருகேற்றும்போது ஒரு தாள் குறையும். தையல் பெட்டியில் நடந்தது அதுதான் என்று அவன் அன்றே கண்டுபிடித்திருந்தான். காடி லூசாக நின்றால் மருத்துவர் யாரைக் கேட்பார்? காடி வெட்டியவனை. ஆகவே எஸ்கில் கத்தியைக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கீறினான். எவ்வளவு? அவன் புகையிலை சுற்றும் சிகரெட் தாள் ஒன்றின் கனம். இது வஞ்சம் இல்லை, முன்யோசனை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். பலகை இறுகினால் அவளே வந்து நிற்க வேண்டியிருக்கும், கையைப் பிசைந்துகொண்டு. அந்தக் காட்சியையும் அவன் ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தான். சுவையாக இருந்தது.

காடிகளை வெட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கட்டை ஒன்றை இறுக்கி அதன் ஓரமாக ரம்பத்தை ஓட்டி, நடுவில் உளியால் எடுத்து, அடியைச் சிறு இழைப்புளியால் சமப்படுத்தினான். முன்பக்கம் நிற்கிற இடத்தில் ரம்பம் போகாது. அங்கே உளி மட்டும்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நாலு பலகையும் முடிந்ததும் சட்டத்தை வைத்துப் பார்க்காமலேயே மூலைகளைப் பசை போட்டு இறுக்கிவிட்டான். சட்டம் உள்ளே போகிறதா என்று பார்க்காமல் கூட்டைப் பசை போடுவது முட்டாள்தனம் என்று வேறு எவனுக்காவது அவனே சொல்லியிருப்பான். ஆனால் அதற்கு அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதாக இல்லை.

நவம்பர் பிறந்தது. டிராக்டர்காரன் ஒரு நாள் வந்து, கால்களால் எட்டு வைத்துக் கூடத்தை அளந்தான். வடக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்று, "இந்த ஓட்டையை அடைச்சுட்டா குளிர் வராது" என்றான். எஸ்கில் கையில் உளி இருந்தது. அதைக் கீழே வைத்தான். வைத்தது நல்லது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் குட்ருன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேரிமரம் தோல் உரித்த பழம் மாதிரி வெளுத்து இளம் சிவப்பாக இருந்தது. சந்திப்புகளில் ஒரு கோடுகூட இல்லை. மரம் மரத்துக்குள் மறைந்திருந்தது. எஸ்கில் அதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி உளியைத் தீட்டினான். அவள் கூட்டைக் குப்புறப் படுக்க வைத்து, சட்டத்தின் நுனிகளைக் காடிகளின் வாயில் பொருத்தி உள்ளங்கையால் தள்ளினாள். விரல் ஆழம் போயிற்று. நின்றது. மறுபடி தள்ளினாள். அசையவில்லை.

எஸ்கிலின் உள்ளம் குதூகலித்தது. ஆனால் கண் அதற்கு முன்பே கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. ஒரு தாள் இறுக்கம் என்றால் பாதிவரையாவது போயிருக்க வேண்டும். அவன் நினைத்ததைவிட இது அதிக இறுக்கம்.

இப்போது அவள் பலகைகளைச் சீவ வேண்டும். சீவினால் என்ன ஆகும் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பலகையின் கனம் குறையும். குறைந்தால் பன்னிரண்டு சந்திப்பும் லூசாகும். மருத்துவர் கதவைத் திறந்ததும் அவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். எஸ்கில் ஒன்றுமே செய்ய வேண்டாம். உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அவள் மேசை வெளியே போய்விடும். அவன் தீட்டினான்.

குட்ருன் தன் மேசைக்குப் போனாள். இழைப்புளியை எடுப்பாள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எடுத்து வந்தது கொட்டாப்புளி. படகுப் பட்டறை மரச் சுத்தியல், ஒரு குழந்தையின் தலை அளவு.

ஒரு கட்டையைச் சட்டத்தின் மேல் வைத்து ஓங்கி அடித்தாள். சட்டம் இறங்கியது. மறுபடி அடித்தாள். காடிகளுக்குள் கனத்த மரம் ஏறியபோது கூட்டின் மேல்பலகை உட்புறமாக உப்பி வில்லாக வளைந்தது. இரண்டு முனையும் வெளியே நெளிந்தன. மூலையில், எஸ்கில் இருபது வருடம் பரணில் காய வைத்திருந்த ஓக்கில், அவன் வெட்டிய புறாவால் இணைப்புக்குள் ஒரு கறுப்புக் கோடு திறந்தது. பசை முறியும் சத்தம் சின்னதுதான், ஆனால் அந்தச் சத்தத்தை அறிந்தவனுக்கு வயிற்றில் கேட்கும். அவள் மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கினாள்.

"நிறுத்துடி!"

கை மேலேயே நின்றது. "அடடே, வாய் இருக்கு" என்றாள். "ஆறு வருஷத்துல அழுகிப் போயிருக்கும்னு நெனச்சேன்."

"அதைக் கீழ வை. மூலை பிளக்குது."

"பிளக்கட்டும். உன் மூலைதானே."

"உன் பலகை கனம். எடுத்துட்டுப் போய்ச் சீவு."

"என் பலகை கனமா, உன் காடி இறுக்கமா?"

"நீ குடுத்த துண்டை வச்சுத்தான் வெட்டினேன்."

"அப்படியா? எடு அந்தத் துண்டை."

இதை எஸ்கில் எதிர்பார்க்கவில்லை. துண்டு மேசை இழுப்பறையில் இருந்தது. இல்லை என்று சொல்ல நா வரவில்லை. அவன் எவ்வளவோ மோசமானவன், ஆனால் மரத்துண்டைப் பற்றிப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எடுத்துக் கொடுத்தான். அவள் சட்டத்தைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு, துண்டைக் காடியில் வைத்து அழுத்தினாள். முனை போயிற்று. பிறகு நின்றது.

"நான் குடுத்த துண்டு. நீ வெட்டின காடி. ஏன் நிக்குது, எஸ்கில்?"

அவன் துண்டைப் பிடுங்கினான். அதைச் சட்டத்தின் ஒரு பலகையோடு சேர்த்து மேசைமேல் படுக்க வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகத்தை ஓட்டினான். நகம் தட்டியது. மறுபடி ஓட்டினான். தட்டியது.

"நீ குடுத்த துண்டு. நீ இழைச்ச பலகை. ஏன் தட்டுது?"

கொட்டாப்புளியை மேசைமேல் வைத்தாள்.

"எப்படியும் லூசுன்னுதான் சொல்லுவ" என்றாள் கடைசியில். "ஊர் முன்னாடி ஆட்டிக் காட்டுவ. அதுக்காக ஒரு தாள் கூடவே விட்டேன்."

"எப்படியும் கடைசியில தேய்ப்ப. அதுக்காக ஒரு தாள் குறைச்சு வெட்டினேன்."

"நான் தேய்க்கல. அந்தத் தையல் பெட்டிக்கப்புறம் எதையுமே தேய்ச்சதில்ல."

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு தாள் அவனுடையது, ஒரு தாள் அவளுடையது. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டை உடைக்கப் போதுமானதாக இருந்தது. கூடு கோணினால் கதவு மூடாது; யாரால் மூடவில்லை என்று மருத்துவர் கேட்டால் விடை ஒன்றுதான். இரண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான்.

"சீவு" என்றான் எஸ்கில் மறுபடியும். அவனுக்கே அதில் பலம் இல்லை.

"சீவ மாட்டேன். சந்திப்பு ஆடும். அதைவிட நான் மீன் சந்தையில போய் நிப்பேன். காடியை அகலமாக்கு."

"பசை போட்ட கூட்டுக்குள்ள கையை விட்டுப் பதினாலு காடியைச் சீவணும். என் தாளும் சீவணும், உன் தாளும் சீவணும். உன் பொய்க்கு நான் எதுக்குடி முதுகு ஒடியணும்?"

"அப்ப டிராக்டர்காரனைக் கூப்பிடு. ஜன்னலை அடைக்க நானே செங்கல் எடுத்துத் தர்றேன்."

எஸ்கில் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் பார்த்துவிடுவாள். பழைய அடுப்படி, விலாங்கு மீன் வாசனை, தங்கை வீட்டுக்குப் போக மூட்டை கட்டும் போடில், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காடியின் கன்னத்தை, அதாவது பக்கச் சுவரை, சீவுவதற்கென்றே இருக்கும் அந்தக் குட்டி இழைப்புளியை எடுத்தான். தன் மரத்தில் இதுவரை வேறு எவர் கையையும் பட விட்டதில்லை.

"காடிக்கு ரெண்டு கன்னம்" என்றான். "ரெண்டுலயும் சமமா எடுத்தாத்தான் சட்டம் நடுவுல நிக்கும். ஒரு கன்னத்துல என் தாளை நான் எடுக்கிறேன். மறு கன்னத்துல உன் தாளை நீ எடு."

"உன் ஓக்குலயா?"

"ஒரு தடவைதான் சொல்லுவேன்."

அன்றும் மறுநாளும் பால்பண்ணையில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கூட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, பின்புற வாய் வழியாக அவன் வலக்கையை விட்டு ஒரு கன்னத்தைச் சீவுவான். தூசி அளவு சுருள் வரும். பிறகு இடக்கைக்காரியான அவள் மறு கன்னத்தில் கையை விடுவாள். அவன் பக்கத்திலேயே நின்று மூச்சு விடாமல் பார்ப்பான்.

"கையை நேரா வை. படகா செதுக்குற?"

"படகுல தண்ணி வந்தா ஆள் சாவான். உன் அலமாரியில தண்ணி வந்தா துணிதான் நனையும். எது கஷ்டம், சொல்லு."

"போதும், போதும்! தாளைவிட அதிகம் எடுக்கிற."

"பலகையை வச்சுப் பாரு. கண்ணை வச்சுப் பாக்காதே."

வைத்துப் பார்த்தான். அவள் எடுத்தது சரியாக இருந்தது. அவன், "ம்" என்றான். அதற்குமேல் அவனிடம் யாரும் வாங்கியதில்லை. முன்பக்கம் காடி நிற்கும் இடத்தில் மட்டும் உளியை அவன் அவளிடம் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. திறந்த மூலைக்குச் சூடான பசையை ஊட்டி, கிளாம்பு போட்டு இறுக்கியபோது அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "என் விரலை நசுக்கணும்னே திருகுறியா?" என்றாள். "விரல் இருந்தா நசுங்கும்" என்றான்.

விருந்து நாள் காலையில் சட்டத்தை மறுபடி வைத்தார்கள். இருவர் உள்ளங்கையும் சேர்ந்து தள்ளியது. ஓசையில்லாமல் போயிற்று; உள்ளே இருந்த காற்று மட்டும் மெல்ல வெளியேறியது. கடைசி விரற்கடையில் லேசாக முரண்டு பிடித்து, அமர்ந்தது. எஸ்கில் ஒரு தடுப்பை விரலால் ஆட்டிப் பார்த்தான். குட்ருன் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடவில்லை. பின்பலகையை எடுத்துத் திருகாணி போட ஆரம்பித்தான். அவள் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள், ஒவ்வொன்றையும் அவன் கைக்கு எட்டாமல் கொஞ்சம் தள்ளியே.

பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கைவண்டியில் ஏற்றிக் கரையோரம் இருந்த ரோசேகர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீடு முழுக்க வாத்துக் கொழுப்பும் ஆப்பிளும் வேகும் வாசனை. சுவரில் மாட்டியதும் மருத்துவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தார். மூடினார். கீல் முனகவில்லை, கதவு கூட்டோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி திறந்து, மாட்டு வயிற்றைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு அறையாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போனார்.

"இதுல யாரு விட்டுக்குடுத்தீங்க?" என்றார் திரும்பாமலே.

எஸ்கில் வாயைத் திறந்தான். பேரிமரத் துண்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து வைத்தால் அவள் பொய் தெரியும். தன் பொய்யும் தெரியும். அது மட்டும் காரணமா என்று பிறகு அவன் யோசித்துப் பார்த்ததுண்டு. வேறு காரணம் கிடைக்கவில்லை, தேடவும் பிடிக்கவில்லை.

"யாரும் விட்டுக்குடுக்கல" என்றான்.

"விட்டுக்குடுக்க இவன் இன்னொரு தடவை பொறக்கணும்" என்றாள் குட்ருன்.

ரோசேகர் கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார். பிறகு ஒரு சேவல் இறகை எடுத்து மேல் வரிசை முதல் அறையில் வைத்தார். "மேசைங்க இருந்த இடத்துலயே இருக்கட்டும். டிராக்டர்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வாத்து ஆயிடுச்சு, உட்காருங்க ரெண்டு பேரும்."

"இவளோடயா?"

"இவனோடயா?"

மருத்துவரின் மனைவி சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு வாத்துக் காலைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வெளியே கடற்கழியிலிருந்து ஈரக்காற்று அடித்தது. காலி வண்டியைப் பால்பண்ணைவரை மேட்டில் ஏற்ற வேண்டும். ஒருவர் முன்னால் இழுக்க வேண்டும், ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். எஸ்கில் முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டான். நாளைக் காலையில் அதே ஜன்னல், அதே வெளிச்சம், எதிரே அதே முகம். எது நிம்மதி, எது தண்டனை என்று பிரிக்கத் தெரியாமல் இழுத்தான்.

"இடது பக்கம் போகுது. நேரா இழு" என்றாள் பின்னாலிருந்து.

"நேராத்தான் இழுக்கிறேன். நீ கோணலா தள்ளுற."

"தள்ளுறவ கோணலா தள்ளினா வண்டி வலது பக்கம் போகும், மடையா."

"யார் சொன்னது?"

"தண்ணி சொல்லும். படகைத் தள்ளிப் பாரு."

மேடு முடியும்வரை அவர்கள் நிறுத்தவில்லை, வண்டியையும், வாயையும்.